ரொக்கமா, ஃபாரெக்ஸ் கார்டா, கிரெடிட் கார்டா? சுவிஸ் கிளம்பும் முன் ஒரு கணக்கு

கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் மகளோ மகனோ வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்கிறார். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது, விசா வந்துவிட்டது, போய் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வர வேண்டும். அதற்கடுத்து வரும் கேள்வி எல்லாரிடமும் ஒன்றுதான்: "செலவுக்குப் பணத்தை எப்படிங்க கொண்டு போறது?"

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். முதலாளியும் மெர்ச்சண்டைசர்களும் ஐரோப்பா போய் வந்த பில்கள் பதினைந்து வருடமாக என் மேசைக்குத்தான் வருகின்றன. அதனால் எந்தக் கார்டில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது காகிதத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மூன்று வாரம் போய் இருந்தபோதுதான் காகிதத்தில் தெரியாத பல விஷயங்கள் பிடிபட்டன. வயதான பெற்றோர் போவதை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கும் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

உலகத்திலேயே விலை அதிகமான நாடுகளில் சுவிட்சர்லாந்து ஒன்று. ஒரு பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. கணக்கு எளிதாக இருக்க இங்கே நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன், உண்மையில் இதைவிடக் கூடத்தான் ஆகும். கடையில் உட்கார்ந்து குடிக்கும் காபி ஐந்து பிராங்க். ஓட்டலில் ஒருவர் சாதாரணமாகச் சாப்பிட்டால் இருபத்தைந்து, முப்பது. யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்குப் போய் வர, சலுகை இல்லாமல் ஒருவருக்கு இருநூறு பிராங்கைத் தாண்டும். இப்படிப்பட்ட ஊரில் நூற்றுக்கு நான்கு ரூபாய் கூடுதலாகப் பிடித்தாலும் அது கணிசமான தொகை ஆகிவிடும்.

## முதலில் செலவைப் பிரியுங்கள்

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், என்னென்ன செலவு வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அது மூன்று கூறாகத் தானே பிரியும்.

ஒன்று, பெரிய செலவுகள்: ரயில் பாஸ், மலை ரயில், தங்கும் அறை. இவற்றைப் பெரும்பாலும் இணையத்திலோ கவுண்டரிலோ கார்டில் கட்டுவோம். இரண்டு, தினச் செலவு: மிக்ரோஸ், கோப் போன்ற சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி, தயிர், பால், பிறகு டிராம் டிக்கெட், எப்போதாவது ஒரு காபி. மூன்று, சில்லறைச் செலவு: ரயில் நிலையக் கழிப்பறைக்கு ஒரு பிராங்க், இரண்டு பிராங்க், சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை விடுவிக்க ஒரு காசு, கோயில் உண்டியல்.

இந்த மூன்றாவது கூறை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தொகை சின்னதுதான். ஆனால் கையில் காசில்லாமல் கழிப்பறை வாசலில் நிற்கும் அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டேன். எல்லாக் கட்டணமும் சேர்த்து நூறு ரூபாய்க்கு எவ்வளவு போகிறது? போகிற இடத்தில் எல்லாம் செல்லுமா? மீந்தால் எவ்வளவு திரும்பி வரும்? தொலைந்தால் என்ன ஆகும்? ஐந்தாவது கேள்வியைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன்: அப்பா அம்மா யார் துணையும் இல்லாமல் இதை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வர முடியுமா?

## ரொக்கமாக பிராங்க்

அப்பாவுக்கு நம்பிக்கை ரொக்கத்தில்தான். மஞ்சள் விற்ற பணத்தில் இரண்டு லட்சத்தைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு, "கையில இருந்தாத்தான் கண்ணு தெம்பு" என்று என்னோடு கோயமுத்தூருக்கு வந்தார். அங்கே மணி சேஞ்சரிடம் முதல் விதி தெரிந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்க ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, மீதி வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். இரண்டாவது விதி: ஒரு பயணத்துக்கு நோட்டாக எடுத்துப் போக அனுமதி 3,000 டாலர் மதிப்பு வரைதான், அதற்கு மேல் கார்டில்தான் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் எல்லாம் கேட்பார்கள். பயணத்துக்கு அறுபது நாளுக்குள்தான் வாங்கலாம். டாலரும் யூரோவும் எப்போதும் இருக்கும், பிராங்க் எல்லா நாளும் இருப்பில் இருக்காது. இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள், பத்தும் இருபதுமாகக் கேளுங்கள்.

ரொக்கத்தின் நல்ல குணம், அம்மாவுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. நெட்வொர்க் வேண்டாம், பின் நம்பர் வேண்டாம். சுவிஸ்காரர்களுக்கும் ரொக்கத்தின் மேல் பிடிப்பு உண்டு, பெரும்பாலான கடைகள் வாங்கிக்கொள்கின்றன. அங்கே மிகச் சிறிய காசு ஐந்து ராப்பன் (நூறு ராப்பன் ஒரு பிராங்க்), அதனால் ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத்தை ஐந்தின் மடங்காக முழுமையாக்கிவிடுவார்கள்.

விண்டர்தூரைத் தாண்டி வயல் பக்கம் நடந்தபோது ஒரு காட்சி. பண்ணை வீட்டு வாசலில் தட்டி போட்டு பூசணி, ஆப்பிள், முட்டை எல்லாம் அடுக்கியிருந்தது. விலைச் சீட்டு இருந்தது, ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு தகர உண்டி. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். அப்பா அங்கே வெகுநேரம் நின்றார். வெள்ளாமை செய்தவருக்கு அந்த வாசலை விட்டு வர மனமில்லை. அந்த உண்டிக்கு நம் கார்டு எதுவும் உதவாது. பக்கத்தில் ஒட்டியிருந்த ட்விண்ட் (நம் யுபிஐ போல அவர்களின் கைபேசிப் பணச் செயலி) குறியீடும் சுவிஸ் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானது. அப்பா தன் சட்டைப்பையிலிருந்து ஐந்து பிராங்க் காசை எடுத்துப் போட்டு, ஒரு பூசணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மூன்று வாரத்தில் அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, வாங்கும் விலைக்கும் திரும்ப விற்கும் விலைக்கும் இடையே உள்ள தூரம். உதாரணமாக, பிராங்கை 103 ரூபாய்க்கு வாங்கி, மீந்ததை 97-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 400 பிராங்க் மீந்தால் 2,400 ரூபாய் அப்படியே போயிற்று. 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதிகமாக வாங்கிப் போவது இலவசம் இல்லை. இரண்டாவது, விமான நிலையத்தில் மாற்றினால் இந்தத் தூரம் இன்னும் கூடும். மூன்றாவது, சில்லறைக் காசை இங்கே யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். நான்காவது, தொலைந்தால் தொலைந்ததுதான்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு, நாங்களே பட்டது. சொந்தக்காரர் ஒருவர் பழைய பயணத்தில் மீந்தது என்று நூறு பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். விண்டர்தூரில் கடைக்காரம்மா மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முந்தைய வரிசை நோட்டுகள் 2021 ஏப்ரல் 30 முதல் புழக்கத்தில் செல்லாது. கண்டுபிடிப்பது சுலபம்: பழையதில் மனித முகம் இருக்கும், புதியதில் முகம் இருக்காது, கைகள் இருக்கும். புதிய நூறு பிராங்கில் இரண்டு கைகள் தண்ணீரை ஏந்தியிருக்கும். பழையதைச் சுவிஸ் தேசிய வங்கியில் மாற்றித் தருகிறார்கள், அதற்குக் காலக்கெடுவும் இல்லை. ஆனால் இங்கே யாராவது பழைய நோட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

யூரோவே கையில் இருக்கிறதே, போதாதா என்றும் கேட்கிறார்கள். சுற்றுலா இடங்களில் வாங்கிக்கொள்வார்கள், மீதியை பிராங்கில் தருவார்கள், விலையைக் கடைக்காரர் வைப்பார். நஷ்டம் நமக்குத்தான்.

## ஃபாரெக்ஸ் கார்டு

முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் கார்டு இது. பல நாட்டுப் பணத்தைத் தனித்தனிப் பையாக இதில் வைக்கலாம். ஏற்றும் நாளின் விலை அப்படியே நிற்கும். நாங்கள் அங்கே இருந்தபோது பிராங்க் ஏறினாலும் இறங்கினாலும் அம்மாவின் கார்டில் இருந்த இருநூறு பிராங்க் இருநூறாகவே இருந்தது. வயதானவர்களுக்கு இந்த நிச்சயம் பெரிய நிம்மதி. கார்டு தொலைந்தால் முடக்கலாம், உள்ளே இருக்கும் தொகைக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது, அவர்களின் சேமிப்புக் கணக்கோடு இதற்குத் தொடர்பே இல்லை.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலில், பிராங்க் பையில்தான் ஏற்ற வேண்டும். டாலரோ யூரோவோ ஏற்றி சுவிட்சர்லாந்தில் தேய்த்தால் ஒரு நாணயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். எங்கள் கம்பெனியில் ஒருவர் இத்தாலி போகும் வழியில் சூரிச்சில் இரண்டு நாள் தங்கினார், கார்டில் யூரோ மட்டும்தான் இருந்தது. அந்த இரண்டு நாள் பில் ஒவ்வொன்றிலும் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருந்தது. சுவிட்சர்லாந்து யூரோ நாடு இல்லை என்பதை வீட்டில் எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கட்டணப் பட்டியலை முழுதாகப் படியுங்கள். கார்டு வாங்க, மறுபடி ஏற்ற, ஏடிஎம்மில் எடுக்க, பல மாதம் பயன்படுத்தாமல் வைத்திருக்க என்று தனித்தனிக் கட்டணங்கள் இருக்கும். விலையும் பேரம் பேசக்கூடியதுதான். நான் மூன்று இடத்தில் ஒரே நாளில் கேட்டேன், மூன்றும் வேறு வேறு விலை. வெறும் விலையைக் கேட்காதீர்கள். "இரண்டாயிரம் பிராங்க் என் கார்டில் ஏற, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள், அந்த ஒரு எண்ணை ஒப்பிடுங்கள். பணம் மாற்றுவதற்கு ஜிஎஸ்டி உண்டு. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் அது 270 ரூபாய்தான் வரும், பயப்படும் தொகை இல்லை.

மூன்றாவதாக, அறைக்கோ வாடகைக் காருக்கோ முன்பணம் பிடித்து வைக்கும் இடத்தில் இந்தக் கார்டு சரிப்படாது. சிலர் வாங்கவே மாட்டார்கள், வாங்கினாலும் பிடித்த பணம் திரும்பி வர நாள் ஆகும், அதுவரை செலவுக்குக் கை இறுகும்.

மீந்த பணத்தைத் திரும்ப ரூபாய் ஆக்கும்போது ரொக்கத்தில் சொன்ன அதே விலைத் தூரம் இங்கேயும் உண்டு. அதனால் முதலில் குறைவாக ஏற்றிவிட்டு, தேவைப்பட்டால் இங்கிருந்து யாராவது மறுபடி ஏற்றும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

## வழக்கமான கிரெடிட் கார்டு

ஏற்கெனவே கையில் இருக்கும் கார்டு. எங்கும் செல்லும், ஓட்டல் முன்பணத்துக்கு ஏற்றது, தப்பாகப் பிடித்தால் வங்கியிடம் முறையிடலாம். ஆனால் பெரும்பாலான கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் மார்க்கப் (நாணயம் மாற்றுவதற்கு வங்கி மேலே போடும் கட்டணம்), அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3.5 சதவீதம் என்றால் கடைசியில் 4.13 ஆகிறது. இரண்டாயிரம் பிராங்க், அதாவது இரண்டு லட்சம் ரூபாய் செலவழித்தால் 8,260 ரூபாய் இதற்கு மட்டும் போகும். மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் தெரியும் என்பதால் செலவழிக்கும்போது யாருக்கும் உறைப்பதில்லை.

இந்தக் கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும், கட்டணம் தனி.

இன்னொன்று, நம் வங்கிகள் 2020 மார்ச் முதல் கார்டுகளை உள்நாட்டுக்கு மட்டும் திறந்து தருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியில் திறந்துவிட வேண்டும். அதை இங்கே இருக்கும்போதே செய்துவிடுங்கள். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஓடிபி நம் ஊர் நம்பருக்கு வரும், அதற்கு அந்த சிம்மில் ரோமிங் வேலை செய்ய வேண்டும்.

## மார்க்கப் இல்லாத கார்டு

சில வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப்பே இல்லாத கிரெடிட் கார்டும் டெபிட் கார்டும் தருகின்றன. விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் அன்றைய விலை மட்டும் விழும், அது சந்தை விலையை ஒட்டியே இருக்கும். வெறும் கணக்காகப் பார்த்தால் எல்லா வழிகளிலும் இதுதான் மலிவு. மீதி என்ற பேச்சே இல்லை, செலவழித்ததற்கு மட்டும்தான் ரூபாய் போகிறது.

அப்படியானால் எல்லாரும் இதையே எடுக்கலாமே? பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பித்தால் கைக்கு வராது, இரண்டு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஓய்வு பெற்ற, வருமானக் கணக்கு காட்டாத விவசாயப் பெற்றோருக்குக் கிரெடிட் கார்டு கிடைப்பது சுலபம் இல்லை. வைப்புத்தொகை வைத்து வாங்கும் கார்டு ஒரு வழி. எனக்கு இந்தக் கார்டு இருந்தது, அப்பாவுக்கு இல்லை. ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளிநாடு போகிறவருக்கு அது மிச்சப்படாது.

## ஊர் வங்கியின் டெபிட் கார்டும் யுபிஐயும்

அப்பா அம்மாவின் கார்டை எடுத்து முதலில் முத்திரையைப் பாருங்கள். நம் ஊரில் பலரிடம் இருப்பது ரூபே. உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே அங்கே வேலை செய்யாது. வெளிநாட்டில் செல்லும் விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டாக இருந்தாலும் ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிலையான கட்டணம், மார்க்கப், சில இடங்களில் அந்த ஏடிஎம்காரரின் கட்டணமும் சேரும். ஐம்பது ஐம்பதாக எடுப்பது மிக மோசமான வழி. அவசரத்துக்கு ஒரு தடவை எடுப்பதாக இருந்தால் போதுமான தொகையாக எடுத்துவிடுங்கள். அங்குள்ள ஏடிஎம் பலவற்றில் பிராங்க் வேண்டுமா யூரோ வேண்டுமா என்று கேட்கும், அவசரத்தில் யூரோவை அழுத்திவிடாதீர்கள்.

யுபிஐ சிங்கப்பூர், துபாய், நேபாளம், பூட்டான், இலங்கை, மொரீஷியஸ் பக்கம் உதவுகிறது. பாரிஸில் ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கும் 2024-இல் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் கடைத்தெருச் செலவுக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

## "பிள்ளையே கட்டட்டும்"

இதையும் ஒரு வழியாக எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே இருக்கும் மகளிடம் சுவிஸ் கார்டு இருக்கிறது, மார்க்கப் இல்லை, மாற்றும் கட்டணம் இல்லை. கணக்கில் இதை அடிக்க ஆளில்லை.

ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் தங்கைதான் எல்லாம் கட்டினாள். அம்மா எந்தக் கடையிலும் எதையும் கையில் எடுக்கவில்லை. விலைச் சீட்டைப் பார்ப்பார், நூறால் பெருக்குவார், வைத்துவிடுவார். "எதுக்கு கண்ணு, அவளுக்குச் செலவு" என்பார். தங்கை வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார், டிராமில் ஏறக்கூட அவரிடம் வழி இல்லை. இரண்டாவது வாரம் அவர் பெயரில் ஏற்றியிருந்த ஃபாரெக்ஸ் கார்டையும், பத்து பிராங்க் நோட்டுகளையும் சில்லறையையும் போட்டு ஒரு சுருக்குப்பையையும் கொடுத்தேன். இது உங்கள் மஞ்சள் பணம், செலவழிப்பது உங்கள் பாடு என்றேன். மூன்றாவது நாள் தனியாக மிக்ரோஸுக்குப் போய்த் தயிரும் ரொட்டியும் வாங்கி வந்துவிட்டார். மாலையில் விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்தையும் அவரே கண்டுபிடித்தார். அதற்காகக் கார்டுக்கு ஐந்நூறு ரூபாய் கட்டணம் போனால் போகட்டும் என்பதுதான் என் கருத்து.

பிள்ளை கட்டட்டும் என்று விடவேண்டிய இடங்களும் உண்டு: ரயில் டிக்கெட், மருத்துவரிடம் போக நேர்ந்தால் முதல் பணம், ட்விண்ட் மட்டும் வாங்கும் கடை. மற்றதில் பெற்றோர் கையில் அவர்கள் பணம் இருக்கட்டும்.

## எந்தக் கார்டாக இருந்தாலும் ஒரு பொறி

கார்டைத் தேய்த்ததும் மெஷினில் இரண்டு வரி வரும். ஒன்றில் பிராங்க், இன்னொன்றில் ரூபாய். ரூபாயைப் பார்த்ததும் நம் ஊர்க் கண்ணுக்கு ஒரு பாசம் வரும், விரல் அங்கேதான் போகும். அழுத்தாதீர்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை வைப்பது கடையின் மெஷின் நிறுவனம், அதில் அவர்கள் லாபம் கலந்திருக்கும். சில வங்கிகள் அதற்கு மேலும் ஒரு கட்டணம் போடும். மார்க்கப் இல்லாத கார்டை வைத்துக்கொண்டு இந்தத் தப்பைச் செய்தால் அந்தக் கார்டு வாங்கிய பயனே போய்விடும். எங்கும் எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். அம்மாவுக்கு, பிராங்கைக் குறிக்கும் சிஎச்எஃப் (CHF) என்ற மூன்று எழுத்தின் வடிவத்தைத் தாளில் எழுதிக் காட்டி, இதைத்தான் தொட வேண்டும் என்று பழக்கினேன்.

அங்கே எண்பது பிராங்க் வரை கார்டைக் காட்டினாலே போதும், அதற்கு மேல் பின் கேட்கும். பின் நம்பரைக் கார்டு உறையிலேயே எழுதி வைக்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு, அதை மட்டும் நயமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கட்டணம் | எங்கே செல்லாது | மீந்தால் | தொலைந்தால் | பெற்றோர் தனியாக |
|---|---|---|---|---|---|
| ரொக்க பிராங்க் | வாங்கும்போது விலை வித்தியாசம் | இணைய டிக்கெட், கார்டு மட்டும் வாங்கும் மெஷின் | மறுபடி விலை வித்தியாசம், காசுகள் திரும்பாது | போனது போனதுதான் | மிகச் சுலபம் |
| ஃபாரெக்ஸ் கார்டு | விலை வித்தியாசம், கார்டு கட்டணங்கள் | ஓட்டல், கார் முன்பணம் | ரூபாயாக்கும்போது கொஞ்சம் போகும் | முடக்கலாம் | பழக்கினால் சுலபம் |
| வழக்கமான கிரெடிட் கார்டு | ஜிஎஸ்டி சேர்த்து 4.13 சதவீதம் வரை | சில்லறைச் செலவு | மீதி இல்லை | முடக்கலாம், முறையிடலாம் | பெரும்பாலும் கார்டே இருக்காது |
| மார்க்கப் இல்லாத கார்டு | மிகக் குறைவு | சில்லறைச் செலவு | மீதி இல்லை | முடக்கலாம் | கிடைத்தால் நல்லது |
| டெபிட் கார்டு, ஏடிஎம் | மிக அதிகம் | உள்நாட்டு ரூபே எங்கும் செல்லாது | எடுத்த நோட்டு மட்டும் | கணக்கு முழுக்க ஆபத்து | வேண்டாம் |
| பிள்ளை கட்டுவது | இல்லை | எங்கும் செல்லும் | மீதி இல்லை | கவலை இல்லை | முடியாது |

## யாருக்கு எது

மகள், மகன் வீட்டில் இரண்டு மூன்று மாதம் தங்கப் போகும் பெற்றோருக்கு: ஃபாரெக்ஸ் கார்டு முதன்மையாக, ஆளுக்கு ஒன்று, இருவர் பெயரிலும் தனித்தனியாக. ஆரம்பத்தில் ஐந்நூறு பிராங்க் அளவுக்கு ஏற்றுங்கள். இருவருக்கும் சேர்த்து இருநூறு, இருநூற்றைம்பது பிராங்க் ரொக்கம், சின்ன நோட்டுகளாக. பெரிய டிக்கெட்டுகளைப் பிள்ளை வாங்கட்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டை இருக்கிறது, மலை ரயில் பலவற்றிலும் பாதி விலை ஆகும். அது கார்டு மார்க்கப்பில் மிச்சப்படுத்துவதைவிடப் பல மடங்கு மிச்சம் தரும். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதைப் பெரியவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் நூறு பிராங்க் அளவுக்கு வரும்.

சாப்பாட்டுச் செலவு பெரும்பாலும் வீட்டுச் சமையலில் அடங்கிவிடும். பருப்புப்பொடி, மல்லிப்பொடி எல்லாம் எடுத்துப் போகலாம். நெய்யும் பால் பலகாரமும், பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பழங்களும் இங்கிருந்து எடுத்துப் போக அனுமதி இல்லை, வாங்கிவிடுவார்கள். அங்கே ஈழத் தமிழர்களின் கடைகளில் அவை கிடைக்கும், விலை கூடத்தான் இருக்கும். குழாய்த் தண்ணீரும் தெருவோரக் குடிநீர் ஊற்றுகளும் குடிக்க நல்லவை. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு போடத் தேவையே இல்லை.

வியாபாரக் கண்காட்சிக்கு ஒரு வாரம் போகிறவருக்கு, உதாரணமாக ஜனவரியில் ஃபிராங்க்பர்ட் ஹெய்ம்டெக்ஸ்டிலுக்குப் போகும் கரூர்க்காரருக்கு, மார்க்கப் இல்லாத கிரெடிட் கார்டுதான் முதல். அறை முன்பணம், வாடகைக் கார், பையரோடு சாப்பாடு எல்லாம் அதில் நடக்கும், கணக்குப் பிள்ளைக்கும் ஒரே பட்டியலாக வரும். இன்னொரு வங்கியின் கார்டு ஒன்று வேறு பையில் இருக்கட்டும். ஜெர்மனியில் சின்ன உணவகங்களில் ரொக்கம் கேட்பார்கள், நூற்றைம்பது யூரோ போதும். அதே பயணத்தில் சுவிட்சர்லாந்தும் இருந்தால் அந்த இரண்டு நாளுக்கு ஃபாரெக்ஸ் கார்டின் யூரோவைத் தொட வேண்டாம், கிரெடிட் கார்டையே பயன்படுத்துங்கள்.

நான்கைந்து பேராகக் குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்கள் பாதி ஃபாரெக்ஸ், பாதி கிரெடிட் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய குடும்பம் என்றால் ஒரு கணக்கு பாருங்கள்: ரொக்கம், ஃபாரெக்ஸ் கார்டு, வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்து ஒருவர் பெயரில் நிதியாண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். அந்த ஒரே பெயரில் எல்லாவற்றையும் வாங்காமல், போகிறவர் ஒவ்வொருவர் பெயரிலும் அவரவர் கணக்கிலிருந்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்தபடி கிரெடிட் கார்டில் செய்யும் செலவு இப்போது இந்தக் கணக்கில் வருவதில்லை.

## திரும்பி வந்த பிறகு

கடைசி இரண்டு நாளில் ரொக்கத்தை முதலில் தீர்த்துவிடுங்கள், கார்டை அப்புறம் தொடுங்கள். மிக்ரோஸிலோ கோப்பிலோ பில்லில் பாதியைக் காசாகவும் மீதியைக் கார்டிலும் கேட்டால் கொடுத்துக்கொள்ளலாம். மீந்த நோட்டுகளை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும், 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. மறுபடி போகும் எண்ணம் இருந்தால் விற்று நஷ்டப்படாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் காசுகளுக்கு அந்த உச்சவரம்புகூட இல்லை.

அம்மாவின் சுருக்குப்பையில் ஏழு பிராங்க் சில்லறை மீந்தது. கழிப்பறைக்கு இரண்டு, தள்ளுவண்டிக்கு ஒன்று, மீதி பண்ணைக்கார உண்டிக்கு என்று பிரித்து முடிந்து, பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். தங்கைக்கு அடுத்த ஆடியில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறது.